உரியவர் வராத சட்டை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எதுவானாலும் எழுதியே தொலை என்று நீ சொல்லிவிட்டாய். எழுதுகிறேன். பேனா பிடித்து நாளாயிற்று. கடையில் துணிச் சீட்டில் நம்பர் போடுவதைத் தவிர எனக்கு எழுத்து வேலை கிடையாது. கையெழுத்து புரியாவிட்டால் மாமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்.

போன வாரம் இந்த ஊர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்தார். வெளியிலிருந்து வந்து சொத்து சேர்த்தவர்களைப் பற்றி எழுதுகிறாராம். காய்கறி மொத்த வியாபாரி ஒருவர், டாக்ஸிக்காரர் ஒருவர், சலவைக் கடைக்கு நான். கவுண்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

“ஒரே ஒரு பையோட வந்து இறங்கினதா சொல்றீங்க. இன்னைக்கு இந்தக் கடை, மேல இருக்கற மாடி, பக்கத்துக் கட்டடம் எல்லாம் உங்க பேர்ல இருக்கு. இங்கயே பொறந்தவங்க உங்களுக்கு வாடகை குடுக்கறாங்க. வெளிய இருந்து வந்தவங்களுக்கு மட்டும் இது எப்படிங்க முடியுது?”

“உழைப்புதான் சார்” என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுதிவிட்டார். முன்பே எழுதி வைத்திருந்தாரோ என்னவோ.

உள்ளே பேன்ட்டுக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர் சிரித்துவிட்டார். அவரும் வேறொரு நாட்டிலிருந்து வந்தவர்தான். “முதலாளி, உழைச்சவனெல்லாம் கட்டடம் வாங்கலாம்னா எனக்கு ஒரு தெருவே இருக்கணுமே” என்றார். பத்திரிகைக்காரர் அதை எழுதவில்லை.

படம் எடுத்தார்கள். வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் நான் போட்டிருக்கும் சாம்பல் நிறக் கோட்டு என்னுடையதல்ல. யாரோ சலவைக்குக் கொடுத்துவிட்டு வாங்க வரவில்லை. குறித்த காலத்துக்குள் வாங்காத துணிக்குக் கடை பொறுப்பல்ல என்று சுவரில் எழுதி மாட்டியிருக்கிறது. நான் அதற்கு மேலும் ஒரு வருடம் காத்திருப்பேன். அப்புறமும் வராவிட்டால் என் உடம்புக்கு ஆகிறதா என்று பார்ப்பேன். இங்கே வந்த பிறகு காசு கொடுத்து நான் ஒரு சட்டை வாங்கியதில்லை. உனக்குப் பார்சலில் வரும் சட்டைகளும் அப்படி உரியவர் வராதவைதான்.

அந்தச் சட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் நான் கட்டிய வீட்டில் ஆள் இருப்பது போலத் தெரிய வேண்டும். பூட்டிக் கிடக்கிற வீடு என்று தெரிந்தால் திருடன் வருவான். வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி கிடக்கட்டும். நீ போகும்போதெல்லாம் ஒரு சட்டையை நனைத்துக் கொடியில் போடு. ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பப் போடாதே, பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். குழாய்களைத் திறந்து விடு. மாடி அறை ஜன்னலைத் திறந்து வை. அங்கே மத்தியான வெயில் கட்டில் கால் வரைக்கும் வருகிறது, மெத்தையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடு.

மாடிக்குப் போகும்போது பார்த்து ஏறு. திருப்பத்துக்கு முந்தைய படி கொஞ்சம் உயரம்.

உன் தம்பி

*

பிப்ரவரி 27

கோட்டுப் போட்ட துரைக்கு அக்கா எழுதுவது,

படம் வந்தது. உன் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “மச்சான் ஜம்முன்னு இருக்காருடி” என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் ஆயுசு பூராவும் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். தோள் தையல் உன் தோளுக்கு ஒரு விரல் வெளியே நிற்கிறது. கை நீளம் வேறு யாருடையதோ. படத்தில் நிற்பது கோட்டு. நீ அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறாய்.

அந்தப் பத்திரிகைக்காரர் என்னிடம் வந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நீ பணம் அனுப்பினாய். குறை சொல்லவில்லை. ஆனால் பணத்தைத்தான் அனுப்பினாய், உன் நாட்களை அனுப்பவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த நாள், சித்தப்பா மகள் கல்யாண வேலைக்கு ஓடிய நாள், அவளுக்கும் அவள் புருஷனுக்கும் சமாதானம் பேசிய நாள், எல்லாம் எங்கள் கணக்கில் போயிற்று. உன் நாள் முழுக்க உன் கையிலேயே இருந்தது. கைமாற்றுக் கேட்டு வாசலில் நிற்க அங்கே உனக்குச் சொந்தம் இல்லை. அழுக்கு மூட்டையைத் தூக்கினால் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த முகம் இல்லை. இவ்வளவும் இல்லாமல் இருந்தால் உன் மாமாகூட ஒரு கட்டடம் எழுப்பியிருப்பார். நீ சோம்பேறி என்று சொல்லுவாயே, அதே மாமா.

சரி, சண்டைக்கு எழுதவில்லை. கேட்க ஒன்று இருக்கிறது. கூச்சமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் இருக்கிற வீட்டின் சுவர் ஓதம் ஏறிக் கிடக்கிறது என்று போன வருடமே சொன்னேன். இப்போது உன் மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, படுத்தால் மூச்சு விட முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்குகிறார். டாக்டர் வேறு வீடு பாருங்கள் என்கிறார். அதைச் சொல்வதற்கு முன்னாலேயே வீட்டுக்கார அம்மா வந்து சொல்லிவிட்டாள்: “எம் பொண்ணு குடும்பத்தோட வந்துடறா. அடுத்த மாசக் கடைசிக்குள்ள எடம் பாத்துக்குங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.” தப்பாக நினைக்க எங்களுக்கு நேரம் ஏது?

உன் வீடு காலியாகத்தான் இருக்கிறது. நீ கண்ணால்கூடப் பார்க்காத வீடு அது. நீ போன பிறகு வாங்கிய மனை. அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து பெயின்ட் காய்ந்தது வரைக்கும் நான்தான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவருக்குத் தண்ணீர் ஊற்றியதே நான். உன் அறையை விட்டுவிடுகிறோம். கீழே ஒரு அறை போதும். யோசித்து எழுது.

இன்னொன்று. எதிர் வீட்டு டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி எப்ப வந்தாரு? சொல்லவே இல்லையே.”

“யாரு வந்தா?”

“மத்தியானம் மாடி ஜன்னல்ல நின்னாரே. கையக் கூட ஆட்டினேன். கண்டுக்கவே இல்ல. வெளிநாட்டுல இருந்து வந்தா இப்படித்தான் ஆயிடறாங்கபோல.”

கொடியில் போட்ட சட்டையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சட்டை போடும் கொடி பின்பக்கம். அவள் வீடு முன்பக்கம்.

அந்தப் படியைப் பற்றி உனக்கு யார் சொன்னது? அது கொத்தனார் அளவு பிசகிக் கட்டியது. “அண்ணனுக்கு எழுதிடாதீங்கக்கா, கூலியில புடிச்சுடுவாரு” என்று கெஞ்சினார். நான் எழுதவில்லை. வீட்டு வரைபடத்திலும் அது இல்லை. அவரே உனக்கு எழுதினாரா?

அக்கா

*

மார்ச் 18

அக்கா,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். மாமாவை உடனே நல்ல நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போ. வெளிச்சமும் காற்றும் உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்குப் பிடி. முன்பணம், வாடகை எல்லாம் என் பொறுப்பு. எவ்வளவு என்று கேட்க மாட்டேன். வேண்டுமானால் ஒரு வீட்டை உன் பெயரில் வாங்கியே தருகிறேன். அந்த வீடு மட்டும் வேண்டாம்.

இப்போது நீ கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு மாமாவிடம் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சொல்லி முடித்துவிட்டு மீதியைப் படி.

பத்திரிகைக்காரரிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நீ சொன்ன பதில் சரிதான், ஆனால் பாதி.

வந்த புதிதில் ஒரு படுக்கை இரண்டு பேருக்கு. இரவு வேலைக்காரர் எழுந்து போனதும் பகல் வேலைக்காரனான நான் படுக்க வேண்டும். மெத்தையில் அவருடைய சூடு இருக்கும், அவர் உடம்பின் பள்ளம் இருக்கும். முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. ஒரு நாள் படுக்கை குளிர்ந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. எங்கே போனார், என்ன ஆனார், யாருக்கும் தெரியவில்லை. அவருடைய செருப்பு வாசலிலேயே வெகுநாள் கிடந்தது. அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் போல உழைத்தவர்கள்தான். ஒருவர் பெட்டிக்குள் ஊர் போய்ச் சேர்ந்தார். ஒருவர் குடித்தே போனார். பத்திரிகைக்காரர்கள் கட்டடம் வாங்கியவன் வாசலுக்கு மட்டும்தான் நாற்காலி கேட்டு வருவார்கள்.

அந்தப் படுக்கையில் கிடந்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. ஓர் இடத்தில் வாழ ஆரம்பித்தால்தான் செலவு. வாழாமல் இருந்துவிட்டால் அங்கே செலவே இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு விடுமுறை வந்தது. அது என் விடுமுறை இல்லை, கடையைத் திறந்து வைத்தேன். பழைய முதலாளியின் பிள்ளைகளுக்குச் சலவைத் திரவத்தின் நெடி ஆகவில்லை. எனக்கு ஆகிறதா என்று யாரும் கேட்கவில்லை, கடையை நான் வாங்கினேன். மாடியில் நல்ல வீடு இருக்கிறது. அதில் குடியிருக்க எனக்கு மனம் வரவில்லை, வாடகைக்கு விட்டேன். கடைக்குப் பின்னால் பாய்லர் அறையில் தரையில் பாய் போட்டுப் படுக்கிறேன். அங்கே ஜன்னல் கிடையாது.

எனக்கு எதற்கு ஜன்னல்? நான் அங்கே படுப்பதில்லை அக்கா. கண்ணை மூடியதும் நம் வீட்டு கேட்டைத் திறக்கிறேன். செருப்பைக் கழற்றுகிறேன். மாடி ஏறுகிறேன். கொத்தனார் எனக்கு ஒன்றும் எழுதவில்லை. அந்தப் படியில் கட்டைவிரலை எத்தனையோ தடவை இடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கால் தானாகவே தூக்கிக்கொள்கிறது.

காலையில் எழுந்து அழுக்குத் துணியைப் பிரிக்க எனக்குத் தெம்பு அங்கேயிருந்துதான் வருகிறது. இங்கே எவன் என்ன பேசினாலும் உறைப்பதில்லை. அவன் திட்டுவது இங்கே நிற்கிறவனை. நான் அங்கே இருக்கிறேன்.

படத்தைப் பார்த்துவிட்டு ஓர் அம்மா கடைக்கு வந்தார். வயதானவர். அந்தச் சாம்பல் கோட்டு அவர் கணவருடையதாம். கோட்டைக் கொடுத்த அதே வாரத்தில் அவர் இறந்துவிட்டாராம். நான் பதறிப்போய் எடுத்து நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை. “அதப் போட்டுக்கிட்டு அந்தக் கதவு வரைக்கும் ஒருதரம் நடந்து காட்டுவீங்களா?” என்று கேட்டார். நடந்தேன். திரும்ப வேண்டாம், அப்படியே முதுகைக் காட்டி நில்லுங்கள் என்றார். நின்றேன். நான் திரும்பியபோது அவர் போயிருந்தார். கோட்டு என்னிடமே இருக்கிறது. மறுபடி போட என்னால் முடியவில்லை.

அன்று முழுக்க என் சட்டை ஞாபகமாகவே இருந்தது. நான் புறப்பட்ட அன்று போட்டிருந்தது. காலர் நைந்துவிட்டது என்று பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்துக் கொடுத்தாயே, அது. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அதை வாடிக்கையாளர் துணியோடு மெஷினில் போட்டுவிட்டேன். சலவைக்காரன் யாரும் செய்யாத தப்பு, சீட்டு குத்தாமல் போட்டேன். யார் வீட்டுக்கோ மாறிப் போய்விட்டது. எத்தனையோ பேர் துணி என்னிடம் காத்துக் கிடக்கிறது. என் துணி எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை.

அந்த வீட்டில் உன் அடுப்பு எரிந்தால் நான் எங்கே போய்ப் படுப்பேன்? கோபப்படாதே.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பி,

சாவி என்னிடம்தான் இருக்கிறது. குடி வந்துவிட்டோம்.

வீட்டுக்கார அம்மா மாசக் கடைசி வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. அவள் மகள் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டாள். எங்கள் சாமான்களை வாசலில் எடுத்து வைத்தார்கள். உன் மாமா தையல் மெஷின் மேல் உட்கார்ந்துகொண்டு மூச்சு வாங்கினார். வேறு வீடு தேட உன் பணம் வந்தது. தேட ஆள் எங்கே? ஒரு வண்டியைக் கூப்பிட்டு, “எங்கக்கா போகணும்?” என்று அவன் கேட்டபோது என் வாயில் உன் வீட்டு விலாசம்தான் வந்தது. உன் கடிதம் என் பையில் இருந்தது. அதோடுதான் கதவைத் திறந்தேன்.

நீ எழுதியதை நான் நம்பவில்லை என்று நினைக்காதே. இந்த வீட்டுக்கு நான் வரும் மத்தியானங்களில் மாடியில் நடமாட்டம் கேட்கும். எலி என்று நினைத்தேன். எலி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறாது. வாசலில் நான் ஜோடியாக வைத்த செருப்பு மறுநாள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். சின்ன வயதிலிருந்து நீ அப்படித்தான் கழற்றுவாய், அதற்காக அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறாய். இங்கே மத்தியானம் என்றால் அங்கே நீ கடையை அடைத்துவிட்டுப் படுக்கிற நேரம். அது எனக்கு உன் கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது. பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருடமாக வருகிறவன் ஒரு தடவையாவது கீழே வந்து, “அக்கா, எப்படி இருக்கே?” என்று கேட்டிருக்கலாமே.

கீழ் அறை போதும் என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் வெயில் மாடியில்தான் வருகிறது. டாக்டர் வெயிலில் படுக்கச் சொல்லியிருக்கிறார். உன் மாமாவை உன் அறையில் படுக்கவைத்தேன். முதல் நாளே அந்தப் படியில் இடறி முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். இருமிக்கொண்டே, “வராதேன்னு உன் தம்பி வீடு எனக்கு வாசல்ல சொல்லாம படியில சொல்லுது” என்று சிரித்தார்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். கீழ்ப்படிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, அந்த உயரத்தை எல்லாப் படிக்கும் பங்கு போட்டுவிட்டார். இப்போது வித்தியாசமே தெரியாது. வியாழக்கிழமை காலையில் சிமென்ட் இறுகியது.

அன்றைக்கு மத்தியானம் நான் சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். உன் மாமா மேலே தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்புச் சத்தம். படி ஏறுகிற சத்தம். வழக்கம்போல வேகமாக ஏறி, திருப்பத்துக்குக் கிட்டே ஒரு பெரிய சத்தம். ஆள் விழுகிற சத்தம் தம்பி. உயரமாக இருக்கும் என்று காலைத் தூக்கி வைத்து, அங்கே ஒன்றும் இல்லாமல் விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

கரண்டியோடு ஓடினேன். படியில் யாரும் இல்லை. உன் மாமா எழுந்து வந்து, “என்னடி போட்ட?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. செருப்பு வைத்தது வைத்தபடி இருக்கிறது. எனக்கு வீடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய் என்று உடனே எழுது. கடைக்கு எப்போது கூப்பிட்டாலும் எடுக்கிறாயே, இந்த நான்கு நாளாக ஏன் எடுக்கவில்லை?

அக்கா

*

ஏப்ரல் 8

அக்கா,

உன் பதில் இன்னும் வரவில்லை. ஆனால் நீங்கள் குடி வந்துவிட்டது எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதே, சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் எழுந்தபோது வலது கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. நிற்க முடியவில்லை. இஸ்திரிக்காரர்தான் டாக்டரிடம் தூக்கிப் போனார்.

“எங்க விழுந்தீங்க?” என்றார் டாக்டர்.

“தூக்கத்துல.”

“கட்டில்ல இருந்தா?”

“கட்டில் இல்லைங்க. தரையிலதான் படுக்கறேன்.”

“தரையில இருந்து எங்கங்க விழறது?” என்று கேட்டுவிட்டு அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். எலும்பில் கீறல். கட்டுப் போட்டு, காலைத் தரையில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கவுண்டருக்கு என்னால் வர முடியாது. போன் கவுண்டரில்தான் இருக்கிறது, என்னைத் தவிர வேறு யாரும் அதை எடுத்துப் பழக்கமில்லை. இங்கே வந்த நாளிலிருந்து நான் கடைக்கு வராமல் இருப்பது இதுதான் முதல் தடவை. கடை நடக்கிறது. நான் இல்லாமலே நடக்கிறது. இதுவும் எனக்குப் புதிது.

அன்று இரவு கண்ணை மூடினேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே வெங்காயம் வதங்குகிற வாசனை. மாடியில் மாமா இருமுகிறார். வாசலில் உன் செருப்பும் அவர் செருப்பும் கிடக்கின்றன. கதவைத் தட்டக் கை தூக்கினேன். அடுத்தவர் வீட்டுக் கதவு போல இருந்தது. தட்டாமல் நின்றேன். மறுநாளும் அங்கேயேதான் நின்றேன். அதற்கு அடுத்த நாள் ஒன்றுமே வரவில்லை. இருட்டு. விடிந்ததும் எழுந்தேன். அவ்வளவுதான். எல்லாரும் இப்படித்தான் தூங்குவார்களோ என்னவோ.

கோபம் இருக்கும் என்று நீ பயப்படுவாய். இல்லை. மாமாவுக்கு வெயில் படட்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பகல் முழுக்கப் படுத்துக்கிடந்து இந்தப் பாய்லர் அறையைப் பார்த்தேன். முதல் தடவையாகப் பார்க்கிறேன். சுவரில் கரி. மேலே குழாய் ஒன்று சொட்டிச் சொட்டி அந்த இடத்தில் சிமென்ட் பச்சை பிடித்திருக்கிறது. ஒரு மனுஷன் இங்கே பத்தொன்பது வருடம் படுத்திருக்கிறான். யார் அவன் என்று எனக்கே கேட்கத் தோன்றியது.

மாடியில் பின்பக்க வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். மறுபடி வாடகைக்கு விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு கட்டில் வாங்கி ஜன்னல் ஓரமாகப் போடச் சொன்னேன். என்னைத் தூக்கிக்கொண்டு போய் அதில் படுக்கவைத்தார்கள். வெளியே ஒரு மரம் இருக்கிறது. இத்தனை நாள் என் கட்டடத்துக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. ஒரு புதுச் சட்டையும் வாங்கிவரச் சொன்னேன். கடைத்துணி கழுத்தில் அரிக்கிறது.

இஸ்திரிக்காரர் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முதலாளி, ஒரு வீட்டு வாடகை போச்சு. கட்டில் வாங்கியாச்சு, சட்டை வாங்கியாச்சு. அடுத்தது விடுமுறைக்குக் கடைய மூடுவீங்க. இப்படியே போனா நீங்களும் இந்த ஊர்க்காரர் ஆயிடுவீங்க. அப்புறம் எவன் பத்திரிகையில உங்க படத்தப் போடுவான்?”

சரிதான். இனி பழையபடி காசு சேராது. அது எனக்கு உடம்பிலேயே தெரிகிறது.

இனிமேல் கொடியில் சட்டை போட வேண்டாம். வீட்டில்தான் ஆள் இருக்கிறீர்களே. நான் நன்றாகத் தூங்குகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேன். உன் மாமாதான் வந்து எழுப்பினார். அவருக்கு இப்போது மூச்சு பரவாயில்லை. படுத்துத் தூங்குகிறார். உன் வெயில்தான் அவரைத் தேற்றியது. இதைச் சொல்லாவிட்டால் நான் மனுஷி இல்லை.

கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டேன். பூசியதையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, அந்தப் படியை முன்பு இருந்த உயரத்துக்கே கொண்டுவரச் சொன்னேன். “தப்பா இருந்தத சரி பண்ணச் சொன்னீங்க. சரியா இருக்கறத இப்ப தப்பாக்கச் சொல்றீங்க. ஊர்ல என்னப் பத்தி என்னக்கா பேசுவாங்க?” என்றார். கூலியைக் கையில் வைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். உன் மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறப் பழகிவிட்டார். உன் அறையையும் பகலில் காலி செய்துவிடுகிறோம். வெயிலில் காய்ந்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினால் அவர் சாயங்காலம்தான் மேலே போகிறார். அந்த நேரத்துக்கு வாசல் கதவைத் தாழிடுவதில்லை.

செருப்பு அசையவில்லை. படியில் சத்தம் இல்லை. நீ எழுதியதைப் போல நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று எதிர் வீட்டு டீச்சர் வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. “அக்கா தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுக்காக அவர இப்படி கேட்டுக்கு வெளியவே நிக்க வைக்கலாமா? தினமும் பாக்கறேன், வெயில்ல நிக்கறாரு” என்றாள்.

“எப்படி இருக்கான்?” என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ஏன், நீங்க பாக்கலையா? ஒல்லியா இருக்காரு. வயசே தெரியல. கையில ஒரு பை.”

உனக்கு அங்கே கட்டில் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, கனவு வருவதில்லை. அப்படியானால் கேட்டுக்கு வெளியே நிற்பது யார் தம்பி?

கொடியில் சட்டை போட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வந்த அன்றே நிறுத்திவிட்டேன். பார்சல் சட்டைகள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றன, இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். இன்று மத்தியானம் பின்பக்கம் போனபோது கொடியில் ஒரு சட்டை தொங்கியது. அப்போதுதான் பிழிந்து போட்டதைப் போலத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் போடவில்லை. உன் மாமாவுக்குச் சட்டை பிழியத் தெரியாது.

தோள் அளவு இப்போதைய உன் அளவு இல்லை. சின்ன அளவு. காலரைத் தூக்கிப் பார்த்தேன். திருப்பித் தைத்திருக்கிறது. வெள்ளை நூல் தீர்ந்துபோய், வெளியே தெரியாது என்று அடிப்பக்கம் நீல நூலால் தைத்து முடித்தேன் அன்றைக்கு. அதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. நீல நூல்தான் இருக்கிறது.

யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. கேட்டுப் பக்கம் போய்ப் பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. கொடிக்குக் கீழேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

கால் சரியானதும் டிக்கெட் எடு. காய்ந்தால் நான் இதை மடித்து மாடி அறையில் வைத்திருப்பேன். எத்தனை வருடமானாலும் இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டேன். நீ சலவைக்காரன், உனக்குத் தெரியாததில்லை. உரியவர்தான் வந்து வாங்க வேண்டும்.

அக்கா